மூன்று சைக்கிளுக்கு ஒரு பம்பு

லீலாவின் பின் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. தாபோடியைத் தாண்டி, மெட்ரோ தூண் ஒன்றின் அடியில், மூன்று பெண்களும் ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிரிலேயே பஞ்சர் கடை. கடை என்றால், மரத்தில் தொங்குகிற ஒரு பழைய டயர், சங்கிலி போட்டுப் பூட்டிய தகரப் பெட்டி, கவிழ்த்து வைத்த தண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான். ஆள் ஒன்பது மணிக்குத்தான் வருவான். பிம்ப்ரியில் கம்பெனி கேட் ஏழு மணிக்கு.

சுலைஹா குனிந்து டயரைத் தடவினாள். கட்டை விரலில் ஒரு கருவேல முள்ளின் நுனி நெருடியது. ஒரு முள், அதுவும் ஒடிந்த முள். அதற்காக மூன்று பேர் நடுரோட்டில்.

"நீங்க ரெண்டு பேரும் போங்கக்கா," என்றாள் லீலா. "நான் தள்ளிக்கினு வரேன். மூணு பேரும் மாட்டறதுக்கு ஒருத்தி மாட்டினா போவுது."

சுலைஹா நிமிர்ந்து துப்பட்டாவைச் சரிசெய்தாளே தவிர, சைக்கிளில் ஏறவில்லை. வைஷுவும் ஏறவில்லை.

"ச்சல்," என்றாள் மராத்திக்காரி வைஷு. "உன்னை விட்டுட்டுப் போனா, உள்ள நான் யார்கூட சண்டை போடறது?"

கட்கியிலிருந்து விடியுமுன் புறப்படுகிறவர்கள் அவர்கள். மெட்ரோ பாலத்துக்கு அடியில் அந்த நேரத்தில் லாரியும் நாயும்தான் நடமாட்டம். சேர்ந்து கிளம்பிய முதல் நாளே பேசி வைத்துக்கொண்டது: ஒருத்தியை வழியில் விட்டுவிட்டு மற்றவள் போவதில்லை. லீலாவின் சைக்கிளை எங்காவது பூட்டிவிட்டு வரலாம் என்றால் அதுவும் முடியாது. சாயங்காலம் அதே சைக்கிளில்தான் அவள் புருஷன் ராத்திரிக் காவலுக்குப் போகவேண்டும். ஆகவே மூன்று பேருமாகத் தள்ளினார்கள். புகேவாடி, காசார்வாடி, நாசிக் பாட்டா என்று ஊர் ஊராகத் தள்ளினார்கள். வழியெல்லாம் லீலா அந்த முள்ளையும், முள்மரத்தையும், மரத்தை நட்டவனையும், அவன் வம்சத்தையும் திட்டிக்கொண்டே வந்தாள். வைஷு, விட்டுப்போன உறவுகளை எடுத்துக் கொடுத்தாள்.

கேட்டில் முகம் பார்க்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. ஏழுக்குள் முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து, ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். ஏழு தாண்டினால் சிவப்பு. சிவப்புக்கு நன்றி கிடையாது. மாதத்தில் மூன்றாம் சிவப்பு விழுந்தால், ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ராம்பிரசாத் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். அப்புறம் புதுக் கார்டுதான். புதுக் கார்டு என்றால் புது ஆள்.

மாதத்தின் முதல் வாரத்திலேயே அன்றைக்கு விழுந்தது இரண்டாம் சிவப்பு. ஒருவரையொருவர் விட்டுப் போகாததால் மூவருக்கும் எப்போதும் ஒரே கணக்கு.

சுலைஹாவுக்கு அந்த மூன்றாவதை நினைத்தால் வலது முழங்கால் தானாக வலித்தது. மருந்து அட்டைகள் அடுக்கிய பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது அவள் வேலை. தீபாவளி வரைக்கும் கார்டு அறுபடாமல் இருந்தால் போனஸ் உண்டு. அதைவிடப் பெரிது, பழைய கார்டுக்காரிகளை லேபிள் ஒட்டுகிற மேசைக்கு மாற்றுவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. இதற்கு முந்தைய வருஷங்களிலும் இந்த மேசை பக்கத்தில் வந்ததுதான். ஒவ்வொரு தடவையும் தீபாவளி நெருங்கும்போது ஏதோ ஒன்று வந்து கார்டை அறுத்துவிடும். ஒரு வருஷம் ஆள் குறைப்பு, ஒரு வருஷம் போட்டோ சரியில்லை. இந்த வருஷம் சைக்கிள் டயர் அறுக்கக்கூடாது என்று அவள் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சைக்கிள்களோடு கட்கி பஜாரில் இஸ்மாயில் கடை முன்னால் போய் இறங்கினார்கள். முகமது இஸ்மாயில் ராமநாதபுரத்துப் பக்கம். சுலைஹாவுக்கும் அதே பக்கம் என்பதால் அவர் அவளுக்குக் காக்கா, அண்ணன் முறை. அவளைப் பார்த்து லீலாவுக்கும் காக்கா, வைஷுவுக்கும் காக்கா. வைஷு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு இஸ்மாயில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட்டார். ஆணி பெரிதாகக் குத்தி டியூப் கிழிந்தால் எந்தப் பம்பும் உதவாது. முள், கண்ணாடித் தூள் என்றால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அடித்துவிட்டு ஓட்டலாம், இறங்கினால் மறுபடி அடித்துவிட்டு ஓட்டலாம். கேட் வரைக்கும் போய்ச் சேரலாம். ஒட்டுகிற வேலையெல்லாம் அப்புறம்.

"எங்களுக்குக் கேட்டு வரைக்கும் போதும் காக்கா," என்றாள் சுலைஹா. "அதுக்கு மேல அந்தச் சக்கரம் எப்படிப் போனா என்ன?"

முதலில் அவர் எடுத்து வைத்தது பேட்டரி பம்பு. சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. பொத்தானை அமுக்கியதும் மிக்சி ஓடுகிறாற்போல் சத்தம் போட்டுக்கொண்டு, தானாகவே காற்றடித்து, தானாகவே நின்றது. வைஷு அதைக் கையில் வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தான் தினமும் சார்ஜ் போட்டு வைப்பதாகச் சொன்னாள். போன வாரம் முழுக்க அவள் போன் அணைந்தே கிடந்ததை லீலா நினைவுபடுத்தினாள். கேட்டுக்குள் போனையே விடமாட்டான், பேட்டரி வைத்த பெட்டியை விடுவானா என்று சுலைஹா கேட்டாள். கேட்டுக்கு வெளியே, சைக்கிளோடு விட்டுவிட்டுப் போனால் மத்தியானத்துக்குள் அது யாரோ ஒருவரின் வீட்டில் இருக்கும். வைஷு முகத்தைத் தூக்கிக்கொண்டு சோப்புப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

அடுத்தது ஒரு சின்ன எவர்சில்வர் குப்பி. உள்ளே அழுத்தி அடைத்த காற்று. வால்வில் வைத்துத் திருகினால் ஒரே ஊது, சக்கரம் கல்லாகிவிடும். ஒரு தடவை ஊதினால் குப்பி காலி.

லீலா இரண்டடி பின்னால் போனாள். "எங்கப்பா வெடிமருந்து பேக்டரில ரிட்டயர் ஆனாரு காக்கா. இவ்ளோ சின்னக் குப்பியப் பாத்தாலே எங்க வூட்ல எல்லாரும் தூரமா போய் நிப்போம்."

இஸ்மாயில் சிரித்துக்கொண்டே அதை உள்ளே வைத்துவிட்டு, காலால் மிதிக்கிற பம்பை எடுத்து வந்தார். லீலாவுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. இரும்பு உடம்பு, காற்றின் அளவு காட்டும் முள், ஏறி மிதித்தால் புஸ் புஸ்ஸென்று டயர் எழும்பியது. அவள் சைக்கிள் அவள் புருஷனுடைய பழைய கறுப்புச் சைக்கிள். டயர் தடிமன், காற்று நிறையக் குடிக்கும். அதற்கு இதுதான் சரி என்று அடித்துச் சொன்னாள். கேரியரில் கட்டித் தானே சுமப்பதாகவும் சொன்னாள். வைஷு அதைத் தூக்கிப் பார்த்தாள். இதைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நுழைந்தால் காவலாளி துப்பாக்கி என்று பயந்து கையைத் தூக்கிவிடுவான் என்றாள். பஞ்சராவது எப்போதும் உன் சைக்கிள்தான் என்று வைஷு சொல்ல, உன்னுடையதைப்போல் பங்களாவில் தூக்கிப்போட்ட சைக்கிளா இது என்று லீலா சொல்ல, பேச்சு பம்பை விட்டு எங்கேயோ போயிற்று. வைஷுவின் கியர் சைக்கிள், அவள் அம்மா வேலை செய்கிற வீட்டு ஐ.டி. தம்பதி கொடுத்தது.

சுலைஹா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இங்க பாருங்கடி. நம்ம மூணு பேர்ல யாருக்குக் கைவலு கம்மியோ, அவ அடிக்கிறதுதான் நமக்குப் பம்பு. லீலா அடிக்கிறதுக்குப் பம்பே வேணாம், அவ வாயால ஊதினாலே போதும்."

கைவலு கம்மி வைஷுவுக்கு. மணிக்கட்டு முருங்கைக்காய் பருமன். இஸ்மாயில் புரிந்துகொண்டு, இதுவரை எடுக்காத ஒன்றைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்தார். ஒரு சாண் நீளம், வெள்ளை அலுமினியம், புல்லாங்குழலைப்போல் இருந்தது. இழுத்தால் இரட்டிப்பு நீளமாயிற்று. கைப்பைக்குள் அடங்கும், எடையே இல்லை. ஆனால் சிறிய குழாய் ஆனதால் நிறையத் தடவை அடிக்கவேண்டும்.

சுலைஹா தன் சைக்கிளின் முன்சக்கரக் காற்றை அங்கேயே பிடுங்கிவிட்டாள். மகள் புஷ்ரா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய லேடீஸ் சைக்கிள் அது. கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. வைஷு குந்தி உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். மராத்தியில் எண்ணிக்கொண்டே அடித்தாள். எண்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பி இந்திக்கு மாறியது. நூற்றுக்கப்புறம் பம்பின் குழாய் சூடேறி, அவள் கையை உதறி ஊதிக்கொண்டாள். ஆனால் டயர் எழுந்துவிட்டது. சுலைஹா தன் துப்பட்டாவின் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தாள். பச்சை நிறப் பட்டையாக வந்த துணியைக் குழாயின் மேல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மறுபடி அடித்தபோது சூடு தெரியவில்லை.

வைஷுவின் சைக்கிளில் வால்வு ஊசிபோல இருந்தது. பம்பின் தலைக்குள் இருந்த ரப்பரைத் திருப்பிப் போட்டதும் அதிலும் பிடித்தது. லீலாவின் சைக்கிளில் மட்டும் உட்காரவே இல்லை. வைத்ததும் புஸ்ஸென்று சீறிக் கழன்று விழுந்தது.

"பாத்தீங்களா," என்றாள் லீலா. "அது எங்க வூட்டுக்காரரு மாதிரியே. புதுசா எத வச்சாலும் துப்பிடும்."

இஸ்மாயில் திருகாணிகள் கிடந்த தகர டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒரு பித்தளை மூக்கை எடுத்தார். சுண்டு விரல் நுனி அளவு. அதை வால்வில் திருகிவிட்டு வைத்தால் பம்பு கச்சிதமாகப் பிடித்தது. அது தொலைந்தால் லீலாவுக்குப் பம்பு கிடையாது என்று எச்சரித்துக் கொடுத்தார். சுலைஹா அதைத் தன் வீட்டுச் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டாள். மூன்று பேரும் பங்கு போட்டுக் காசைக் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் இஸ்மாயிலோடு சேர்ந்து ஆளுக்கொரு வடாபாவ் தின்றார்கள்.

திங்கட்கிழமை காவலாளி பம்பைப் பையிலிருந்து எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. ராம்பிரசாத் வந்தார். நல்ல சிரித்த முகம் அவருக்கு, எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அதென்ன, பஜனைக்குப் போகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். வைஷு அங்கேயே ஒரு சைக்கிளில் அடித்துக் காட்டினாள். அவர் வியந்து தலையாட்டி, உள்ளே கொண்டுபோக அனுமதி கொடுத்தார். இதல்லவா அக்கறை, எல்லாரும் இப்படி இருக்கவேண்டும் என்று காவலாளிக்கும் சேர்த்துச் சொன்னார்.

அந்த வாரமே பம்புக்கு வேலை வந்தது. புகேவாடி அருகில் வைஷுவின் சைக்கிள் ஆடிக்கொண்டு நின்றது. முன்பானால் நிற்பதும் தள்ளுவதும்தான். இன்றைக்கு லீலா விளக்குப் பிடிக்க, வைஷு எண்ண, சுலைஹா அடித்தாள். நாசிக் பாட்டாவில் காற்று மறுபடி இறங்கியது, மறுபடி அடித்தார்கள். கேட்டில் இயந்திரம் மூன்று பேருக்கும் வரிசையாக "தேங்க் யூ" சொன்னது. லீலா அதைப் பார்த்து, "பரவால்ல, இருக்கட்டும்," என்றாள்.

அதற்கப்புறம் அவர்கள் வழியில் யாரையும் விடவில்லை. தாபோடியில் ஒரு பால்காரர், காசார்வாடியில் லேத் பட்டறைக்குப் போகிற ஓர் ஆள் என்று சக்கரம் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இறங்கி அடித்துக் கொடுத்தார்கள். பால்காரர் மறுநாள் காத்திருந்து அரை லிட்டர் பால் கொடுத்தார். அது தூக்குச்சட்டியில் குலுங்கிக் கேட் வரை வந்து, டீயாகி மூன்று பேர் வயிற்றுக்குள் போயிற்று. காலை நேரம் இப்படிக்கூட இருக்கும் என்பதை சுலைஹா மறந்தே போயிருந்தாள். கவுஸ், அவள் புருஷன், கட்கி பஜாரில் தள்ளுவண்டியில் துணி விற்கிறவன். வீட்டில் இவள் வேலைக்குக் கிளம்பும்போது பாட்டு முணுமுணுக்கிறாள் என்று புஷ்ராவிடம் புகார் செய்தானாம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கம்பெனியில் தொழிலாளர் நல வாரம் வந்தது. வாசலில் கோலம், கொடி, பலூன். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் ஆட்களுக்காகப் புதிதாக என்ன செய்தார்கள் என்பதைப் பெரிய அதிகாரிகளுக்குக் காட்டவேண்டும். ராம்பிரசாத் பெட்டி ஏற்றுகிற இடத்துக்கே தேடி வந்து, அந்தப் பம்பை ஒரு நாளைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கேட்ட விதம் அவ்வளவு மரியாதையாக இருந்ததால் சுலைஹா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரிகள் வந்தபோது இவர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். ராம்பிரசாத் பம்பை உயர்த்திப் பிடித்து ஆங்கிலத்தில் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள், இவர்களும் தட்டினார்கள். ஆளுக்கொரு லட்டு கிடைத்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் போட்டோ போட்டிருந்தார்கள். ராம்பிரசாத் பம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சைக்கிளைத் தாங்கியபடி ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. அது தன் கைதான் என்று லீலா வழியில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

பம்பு திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை கேட்டபோது, அது இனி எல்லாருக்கும் பொது, அலுவலகத்திலேயே பத்திரமாக இருக்கும், வேண்டும்போது கேளுங்கள் என்றார் ராம்பிரசாத். சொன்னபோது சுலைஹாவின் தோளைத் தட்டுவதுபோல் கையைக் கொண்டுவந்து, தட்டாமல் எடுத்துக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்து அலுவலக அறையில், முதலுதவிப் பெட்டிக்கு அருகே, ஒரு கண்ணாடி அலமாரியில் அது நிமிர்ந்து நின்றது. பித்தளை மூக்கு மட்டும் சுலைஹாவின் சாவி வளையத்தில் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை, இவளும் கொடுக்கவில்லை.

"நமக்கு வேண்டியது ரோட்ல," என்றாள் வைஷு. "ஆபீஸ்ல வச்சு யாருக்குக் காத்தடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். நடுவில் இருந்தது வெள்ளியும் சனியும்தான். வெள்ளி நன்றாகவே போயிற்று.

சனிக்கிழமை காசார்வாடியில் லீலாவின் சைக்கிள் முனகியது. அவள் இறங்கிப் பின்சக்கரத்தைப் பார்த்தாள். ஒரு முள், முந்தையதின் தம்பி. லீலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். வைஷு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள். சுலைஹா முழங்காலைக் கையால் பிடித்தபடி தன் சைக்கிளோடு நொண்டிக்கொண்டே ஓடினாள். நாசிக் பாட்டா தாண்டும்போது லீலா மூச்சு வாங்க, "போங்கக்கா, ஏறிப் போங்க, உங்க மேசை போயிடும்," என்றாள். சுலைஹா, "வாய மூடிக்கிட்டு ஓடு," என்றாள். அதைக் கேட்டு வைஷுவுக்கு ஓட்டத்திலேயே சிரிப்பு வந்தது. மற்ற இரண்டு பேரையும் அது பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே ஓடியதில் இன்னும் தாமதமாயிற்று.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

ராம்பிரசாத் கார்டுகளை வாங்கிக்கொண்டார். கோபமில்லை அவருக்கு, வருத்தம்தான் இருந்தது. இயந்திரம் சொல்வதற்குத் தான் என்ன செய்வது என்றார். தீபாவளி முடிந்து வாருங்கள், புதுக் கார்டு போட்டுத் தருகிறேன் என்றார்.

"பம்பு எங்க கையில இருந்திருந்தா வந்திருப்போம் சார்," என்றாள் சுலைஹா, தனக்குத் தெரிந்த இந்தியில்.

"கேட்டிருக்கலாமே," என்றார் அவர். "உங்களுக்காகத்தானே வச்சிருக்கு. அலமாரிச் சாவி ஆபீஸ் பையன் பாஸ்கர்கிட்ட இருக்கு. ஒன்பது மணிக்கு வந்துடுவான்."

அவர் உள்ளே போன பிறகு மூன்று பேரும் அலுவலக ஜன்னலோரம் வந்து நின்றார்கள். கண்ணாடி அலமாரி ஜன்னலை ஒட்டினாற்போலவே இருந்தது. உள்ளே குழல்விளக்கு எரிந்தது. பம்பு பளபளவென்று நின்றது. அதன் காலடியில் அச்சடித்த அட்டை. வைஷு மராத்தியைப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒப்பந்தத் தொழிலாளர் வசதிக்காக, எந்நேரமும்.

"எந்நேரமும்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள் லீலா.

"போட்டிருக்கு."

லீலா சைக்கிளின் சீட்டில் கை ஊன்றிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வைஷு அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். சுலைஹா சாவி வளையத்திலிருந்து பித்தளை மூக்கைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை ஜன்னல் கண்ணாடியின் மேல், பம்பின் வாய்க்கு நேராக வைத்துப் பிடித்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. குழாயில் சுற்றிய பச்சைத் துணியின் முடிச்சுக்கூட அவிழவில்லை.

காவலாளி வந்து, கண்ணாடியைத் தொடாதீர்கள், கைத்தடம் விழும், இன்றைக்கும் யாரோ பார்க்க வருகிறார்கள் என்றான்.

சுலைஹா கையை எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவின் கிழிந்த ஓரத்தால், தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டாள்.